பேசாப் போர்ப்படத்தில் நகையும் இழவும்: ‘விங்ஸ்’ திரைப்படம் பற்றிய மெய்ப்பாட்டு ஆய்வு

போரைப் பொருளாகக் கொண்ட கலைப்படைப்பில் நகைச்சுவைக்கு இடம் உண்டா என்பது பழைய வினா. உண்டெனின், அஃது எவ்வாறு அமைதல் வேண்டும்? களைப்புற்ற அவையோரை இளைப்பாற்றுதற்பொருட்டு இடையிடையே வைக்கப்படும் ஒட்டுறுப்பாகவா? அன்றிப் படைப்பினின்றும் பிரிக்கவியலாத உயிருறுப்பாகவா? 1927-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விங்ஸ்’ என்னும் அமெரிக்கப் பேசாப் படத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ‘சிறகுகள்’ என்பது அப்பெயரின் பொருள். நட்பு, காதல், நகை என்னும் மூன்றும் போர்க்கதையொன்றனுள் கலந்து நிற்றலின், இவ்வாராய்ச்சிக்கு அது மிகவும் ஏற்றதாகும்.

தமிழாராய்ச்சிக்கும் அயல்நாட்டுப் பேசாப் படத்திற்கும் என்ன இயைபு என்று சிலர் வினவக்கூடும். மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்ச்சி உடம்பின்கண் வெளிப்படுதலாம். சொல்லின் துணையின்றி உடம்பு ஒன்றையே கொண்டு கதை நடத்திய கலை பேசாப் படமாதலின், தொல்காப்பியரின் மெய்ப்பாட்டுக் கொள்கையை உரைத்துப் பார்க்க இதனினும் சிறந்த கல் கிடைத்தல் அரிது. நம் நாட்டுப் பேசாப் படங்களையே கொண்டு இதனைச் செய்யலாகாதோ எனின், அவை பெரும்பாலும் அழிந்தொழிந்தன. நடராச முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ இன்று பெயரளவிலேயே நிற்கின்றது. தென்னாட்டுப் பேசாப் படங்களுள் நம் கைக்கு எட்டுவது நாகர்கோயில் சுந்தரராசு எடுத்த ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) ஒன்றே எனலாம். ஆகவே அயல்நாட்டுப் படத்தை நாடுதல் வேண்டுவதாயிற்று.

எனினும், ஒப்பீட்டுக்குரிய களத்தை நாம் நம் நாட்டிலேயே அமைத்துக்கொள்கின்றோம். திருவண்ணாமலையையும் அதன் சூழலையும் எடுத்துக்கொண்டால் மூன்று சான்றுகள் கிட்டுகின்றன. சுற்றியுள்ள ஊர்களில் ஆடப்பெறும் கர்ண மோட்சக் கூத்து ஒன்று. கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செஞ்சியின் தேசிங்குராசன் கதை மற்றொன்று. மலையின் தென்சாரலிலுள்ள இரமணாசிரமத்தோடு தொடர்புடைய ஆங்கில நாவல் மூன்றாவது. இம்மூன்றும் போர், நட்பு, இழப்பு என்பவற்றை வெவ்வேறு நெறியிற் கையாளுவன. அவற்றோடு வைத்துக் காணும்போதே ‘விங்ஸ்’ படத்தின் சிறப்பும் குறையும் தெளிவாகும்.

படத்தின் வரலாறு

‘விங்ஸ்’ படத்தை இயக்கியவர் வில்லியம் வெல்மன். இவர் முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படையைச் சார்ந்து வானவூர்தி செலுத்திப் போர் புரிந்தவர். மூலக்கதையை எழுதிய ஜான் மங்க் சாண்டர்ஸ் அப்போரின்போது வானவூர்திப் பயிற்சியாளராகப் பணியாற்றியவர். எனவே படத்திற் காணப்படும் வான்போர் கேட்டறிந்தார் கற்பனை அன்று; கண்டறிந்தார் காட்சியாகும்.

டெக்சாசு மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரை அடுத்து 1926-ஆம் ஆண்டிற் படப்பிடிப்புத் தொடங்கிற்று. அமெரிக்கப் படைத்துறை வீரர்களையும் ஊர்திகளையும் உதவிற்று. படப்பிடிப்புக் கருவி ஊர்தியின்மேலேயே பொருத்தப்பட்டது. நடிகர்கள் வானிற் பறந்துகொண்டே அதனைத் தாமே இயக்கினர். ஆதலின், அவர்தம் முகத்திற் காணும் காற்றின் வீச்சும் அச்சமும் பெரும்பாலும் உண்மையே. முகிலற்ற வானில் ஊர்தியின் விரைவு புலப்படாது என்பதனால், முகில் திரளும் நாட்களுக்காக வெல்மன் காத்திருந்தார்.

1929-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் நிகழ்ந்த முதல் ஆஸ்கார் விழாவில் தலைசிறந்த படத்திற்குரிய பரிசு இதற்கே கிடைத்தது. ஆயினும் அதற்குள் பேசும் படம் தோன்றிவிட்டது. நம் நாட்டிலும் 1931-ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ வெளிவந்தது. பேசாப் படத்தின் காலம் சில ஆண்டுகளில் முடிந்தது. ஆகவே ‘விங்ஸ்’ ஒரு கலை தன் முதிர்ச்சியை எய்தி மறையும் தறுவாயில் தந்த படைப்பாகும்.

கதைச் சுருக்கம்

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் வாழும் இளைஞன் ஜாக். அடுத்த வீட்டுப் பெண் மேரி அவனைக் காதலிக்கின்றாள். அவனோ அதனை உணரான். அவன் மனம் சில்வியா என்னும் நகரப் பெண்ணை நாடுகின்றது. சில்வியாவோ செல்வர் மகனான டேவிடை விரும்புகின்றாள். டேவிடும் அவளை விரும்புகின்றான். தமிழ் மரபிற் கூறுமிடத்து, மேரி ஜாக்கிடமும் ஜாக் சில்வியாவிடமும் கொண்டவை ஒருதலைக் காமம்; டேவிடும் சில்வியாவும் ஒத்த அன்பினர்.

1917-ஆம் ஆண்டில் அமெரிக்கா போரில் இறங்குகின்றது. இளைஞர் இருவரும் வான்படையிற் சேர்கின்றனர். டேவிடுக்கென்று தன் படத்தைப் பதக்கச் சிமிழொன்றில் வைத்துச் சில்வியா ஆயத்தம் செய்திருக்கின்றாள். விடைபெற வந்த ஜாக், அது தனக்கெனவே வைக்கப்பட்டது என்று கருதி மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கின்றான். அவன் முகத்தின் களிப்பைக் கண்டு உண்மை கூற அவளுக்கு நா எழவில்லை. டேவிடோ தன் பெற்றோரிடம் விடைபெறும்போது, குழந்தைப் பருவத்திலே தான் விளையாடிய சிறு கரடிப் பொம்மையை எடுத்துச் செல்கின்றான்.

பயிற்சிக் களத்தில் இருவரும் முதலிற் பகைத்துக் குத்துச்சண்டை இடுகின்றனர். வீழ்ந்தும் வீழ்ந்தும் எழும் டேவிடின் உறுதியைக் கண்டு ஜாக் வியக்கின்றான், பகை நட்பாகின்றது. பிரான்சு நாட்டு வான்வெளியில் இருவரும் இணைந்து போரிட்டுப் புகழ் பெறுகின்றனர். மேரியும் ஊர்தி ஓட்டும் மகளிர் படையிற் சேர்ந்து அங்கு வருகின்றாள். 1918-ஆம் ஆண்டுச் செப்டம்பரில் நிகழ்ந்த சான் மியெல் பெரும்போரில் டேவிடின் ஊர்தி பகைவரால் வீழ்த்தப்படுகின்றது. அவன் உயிர் தப்பிச் செருமானிய ஊர்தி ஒன்றைக் கவர்ந்துகொண்டு தன் பாசறை நோக்கிப் பறக்கின்றான். நண்பன் இறந்தான் என்று எண்ணிப் பழிவாங்கத் திரியும் ஜாக், அப்பகை ஊர்தியைக் கண்டு துரத்திச் சுட்டு வீழ்த்துகின்றான். வீழ்ந்தவன் டேவிட் என்பதனை அருகிற் சென்ற பின்னரே அறிகின்றான். நண்பன் மடியில் டேவிடின் உயிர் பிரிகின்றது.

மெய்ப்பாடும் பேசாப் படமும்

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டென்பர் தொல்காப்பியர். ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்பதும் அவர் கொள்கை. சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் உணர்வு, அதனால் உள்ளத்தே எழும் குறிப்பு, அக்குறிப்பினால் உடம்பிலே தோன்றும் வேறுபாடாகிய விறல் என நான்கு படிகளை உரையாசிரியர்கள் விளக்குவர். கண்ணீர் அரும்புதல், மயிர் சிலிர்த்தல் முதலியன விறலாம்.

செய்யுளைப் பயில்வோர்க்கு இந்நான்கும் சொல்வழியே வருகின்றன. நாடகம் காண்போர்க்குச் சொல்லும் மெய்யும் கலந்து வருகின்றன. பேசாப் படம் காண்போர்க்கோ பொருளும் விறலுமே கண்ணெதிரே நிற்கின்றன; இடைநின்ற உணர்வையும் குறிப்பையும் காண்பவரே தம் உள்ளத்தால் நிரப்பிக்கொள்ளுதல் வேண்டும். இடையிடையே தோன்றும் எழுத்துப் பலகைகள் உரையாடலிற் சிறு பகுதியையே தருவன.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பயிற்சிக் களத்தில் ஒயிட் என்னும் வீரன் இருவரையும் வரவேற்கின்றான். சாக்கலேட்டுக் கட்டி ஒன்றைச் சிறிது கடித்து வைத்துவிட்டுப் பறக்கச் செல்கின்றான். சென்றவன் ஊர்தி வீழ்ந்து மாள்கின்றான். இளைஞர் இருவரும் அவன் பொருள்களை நோக்குகின்றனர். கடிபட்ட சாக்கலேட்டு அவ்விடத்தே கிடக்கின்றது. இறந்தான் என்று அரற்றுவார் எவரும் இலர். எஞ்சிய பண்டமே சுவைப்பொருளாகின்றது. நோக்கும் முகங்களே விறலைக் காட்டுகின்றன. அழுகைக்குரிய நான்கு களன்களுள் இழவு என்பதனை இத்துணைச் சுருங்கக் காட்டுதல் எளிதன்று. இக்காட்சியில் சிறிது நேரமே தோன்றிய கேரி கூப்பர் பின்னர்ப் பெருநடிகராக விளங்கியது வியப்பன்று.

நகையின் நிலைக்களன்கள்

நகை பிறக்கும் களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்காம். இந்நான்கும் இப்படத்தில் உள்ளன. ஆயினும் அவற்றின் பயன் ஒரு தன்மையது அன்று.

எள்ளலுக்குரியவன் ஹெர்மன் என்னும் துணைப் பாத்திரம். அவன் பெயர் செருமானியச் சாயல் உடையது. அதனால் உடன் இருப்போர் அவனைப் பகைவனோ என்று ஐயுற்று நெருக்க, அவன் தன் கையிற் பச்சை குத்திய அமெரிக்கக் கொடியைக் காட்டித் தப்புகின்றான். ஐயம் எழும்போதெல்லாம் கொடியைக் காட்டுதல் அவனுக்கு வழக்கமாகிவிடுகின்றது. இது சிரிப்பூட்டுவதே. எனினும் ஹெர்மனைப் படத்தினின்றும் நீக்கிவிட்டாலும் டேவிடின் இறப்பு நிகழவே செய்யும். ஆகவே இந்நகை ஒட்டுறுப்பாம்.

இளமையாற் பிறக்கும் நகை மேரியைச் சார்ந்தது. அவள் துள்ளலும் குறும்பும் கிளாரா போ என்னும் நடிகையின் முகத்தில் இயல்பாக ஒளிர்கின்றன. ஜாக்கின் மோட்டார் வண்டியில் எரிவிண்மீன் வடிவத்தைத் தீட்டித் தருபவள் அவளே. தீட்டிய மகிழ்ச்சி அடங்குமுன் ஜாக் அவ்வண்டியிற் சில்வியாவை ஏற்றிச் செல்கின்றான். ஈண்டு நகையோடு ஓர் இரக்கமும் கலக்கின்றது.

பேதைமையும் மடனும் ஜாக்கினுடையன. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது ஒருகாற் கொண்ட கருத்தைப் பின்னர் ஆராயாது விடாப்பிடியாகப் பற்றுதல். மேரியின் காதலை அறியாமை அவன் பேதைமை. சில்வியா தன்னை விரும்புகின்றாள் என்று கொண்டதை இறுதிவரை விடாமை அவன் மடன். பதக்கச் சிமிழைத் தனக்குரியதாக எண்ணி அவன் எடுக்கும்போது நாம் சிரிக்கின்றோம். பாரிசு நகரிலே மதுவுண்டு மயங்கிய அவன், எதிர்நிற்கும் மேரியையே அடையாளம் காணாது, காற்றில் குமிழிகள் பறப்பதாக எண்ணி அவற்றிலே ஈடுபடும்போதும் சிரிக்கின்றோம். தன் நாட்டவள் அவனைக் காக்க வந்திருப்பதை அறியாத அப்பேதைமை, நம்மைச் சிரிக்கவும் வைக்கின்றது. மேரியின் நிலைக்கு இரங்கவும் வைக்கின்றது.

நகை இழவாதல்

படத்தின் உயிர்நிலை இனிமேல்தான் விளங்குகின்றது. பெரும்போருக்கு முன் இரு நண்பரும் பாசறையில் இருக்கும்போது, பதக்கச் சிமிழினின்றும் படம் கீழே விழுகின்றது. அதன் பின்புறத்திற் சில்வியா டேவிடுக்கு எழுதிய சொற்கள் உள்ளன. ஜாக் அவற்றைப் படித்தால் அவன் உள்ளம் உடையும் என்று அஞ்சிய டேவிட், அப்படத்தைக் கிழித்துவிடுகின்றான். ஜாக்கோ தன் காதலியின் படத்தை நண்பன் பொறாமையாற் கிழித்தான் என்று கொண்டு வெகுள்கின்றான். மனம் கசந்த நிலையிலேயே இருவரும் போர்க்களம் நோக்கிப் பறக்கின்றனர். எப்போதும் உடன்கொண்டு செல்லும் கரடிப் பொம்மையை டேவிட் அன்று மறந்துவிடுகின்றான்.

இந்நிகழ்ச்சித் தொடரை நிரல்படக் காண்க. முதலிற் சிரிப்பூட்டிய மடன் எதுவோ, அதுவே பின்னர் வெகுளிக்குக் காரணமாகின்றது. வெகுண்டு பிரிந்த நண்பன் மாண்டான் என்று கருதும்போது, ஜாக்கின் உள்ளத்திலே துயரோடு குற்ற உணர்வும் கூடுகின்றது. பழிவாங்கும் வெறி அதனாலேயே அளவு கடக்கின்றது. ஆராயாது ஒன்றைப் பற்றிக்கொள்ளும் அதே இயல்பினால், பகைவனின் ஊர்தி என்றால் பகைவனே அதனுள் இருப்பான் என்று கொண்டு சுட்டு வீழ்த்துகின்றான். முன்பு சிமிழைக் கண்டு தனக்கென்று கொண்டவன், இப்பொழுது ஊர்தியின் குறியைக் கண்டு பகைவன் என்று கொள்கின்றான். இரண்டும் ஒரே பிழை. முன்னையது சிரிப்பாய் முடிந்தது. பின்னையது நண்பனின் உயிரைக் கொண்டது.

ஆகவே, இப்படத்தில் நகையும் அழுகையும் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டவை அல்ல. ஒரு வேரினின்றும் கிளைத்தவை. முற்பகுதியிலே நாம் சிரித்த சிரிப்பு, பிற்பகுதியிலே நம்மையே குத்துகின்றது. நாம் சிரித்ததற்கு வருந்துகின்றோம். களைப்பாற்றும் நகை இவ்வினையைச் செய்யவியலாது. நகை உயிருறுப்பாதல் இவ்வாறே என்பது எம் துணிபு.

கேளாக் குரல்

ஜாக்கின் ஊர்தியிலும் மேரி தீட்டிய அதே எரிவிண்மீன் குறி உள்ளது. துரத்துகின்ற ஊர்தியில் அக்குறியைக் கண்டு, வருபவன் தன் நண்பனே என்று டேவிட் அறிகின்றான். கை அசைத்துக் கூவுகின்றான். எந்திர ஒலியின் நடுவே அக்குரல் ஜாக்கின் செவிக்கு எட்டவில்லை. நமக்கும் கேட்கவில்லை, வாயசைவை மட்டுமே காண்கின்றோம்.

பேசாமை என்பது அக்காலக் கருவிகளின் குறைபாடு. ஆயின் இக்காட்சியில் அக்குறைபாடே பொருளாகிவிடுகின்றது. கேளாமையால் ஜாக் கொல்கின்றான். கேளாமையால் நாம் கையற்று இருக்கின்றோம். பேசும் படமாக இருந்திருப்பின், டேவிடின் குரலை நாம் கேட்டிருப்போம்; ஜாக்கின் கேளாமை நமக்கு வெளியே நிற்கும் செய்தியாகியிருக்கும். பேசாப் படத்தில் நாமும் அவனோடு ஒத்த செவிடராகின்றோம். டேவிடின் உயிர் பிரிவதும் சொல்லாற் கூறப்படவில்லை. சுழன்றுகொண்டிருந்த ஊர்திச் சுழலி மெல்ல நிற்கின்றது, அவ்வளவே. கருப்பொருளின் வாயிலாகக் குறிப்புப்பொருள் தோற்றுவிக்கும் அகத்திணைப் புலவரின் நெறியை இஃது ஓரளவு நினைவூட்டுகின்றது.

கூத்துக் களரியிற் கர்ணன்

திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில் திரௌபதி அம்மன் விழாக்களையொட்டிப் பாரதக் கூத்து இரவு முழுதும் ஆடப்பெறுதல் யாவரும் அறிந்ததே. அவற்றுட் சிறந்தது கர்ண மோட்சம். துரியோதனனிடத்துக் கர்ணன் கொண்ட நட்பும், இறுதிப் போருக்குச் செல்லுமுன் மனைவி பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் காட்சியும், இடையிடையே கட்டியங்காரன் செய்யும் நகையும் அதில் உள்ளன. நட்பு, காதல், நகை, போர் என்னும் நான்கு கூறுகளும் அமைந்த நம் நாட்டு ஆடல் அஃது எனலாம்.

அறியாமற் கொல்லும் நிகழ்ச்சியும் அதனுள் உண்டு. கர்ணன் தன் தமையன் என்பதை அருச்சுனன் அறியான், கர்ணனோ அறிவான். ‘விங்ஸ்’ படத்திலும் இறப்பவனே அறிவான்; கொல்பவன் அறியான். இவ்வொற்றுமை வியக்கத்தக்கது. ஆயினும் வேற்றுமையும் உண்டு. கர்ணன் தாய்க்குத் தந்த வாக்கினாலும் செஞ்சோற்றுக் கடனாலும் தானே வாய் மூடியிருக்கின்றான். டேவிட் வாய்விட்டுக் கூவியும் கேட்கப்படாது போகின்றான். முன்னையது பெருமிதத்தோடு கூடிய அழுகை. பின்னையது பெருமிதம் சிறிதும் கலவாத வெற்றிழவு. பழங்காவியம் அறத்தை முன்னிட்டுச் சாவைப் பொருளுடையதாக்குகின்றது. எந்திரப் போரின் கதையோ சாவைப் பொருளற்ற பிழையாகவே காட்டுகின்றது.

நகையிலும் இத்தகைய வேற்றுமை காண்கின்றோம். கட்டியங்காரன் கதைக்குப் புறத்தே நிற்பவன். அரசனை அறிமுகம் செய்வான், வாயில் காப்பான், தூது செல்வான், இக்காலச் செய்தியைப் பேசி அவையோரைச் சிரிக்கவைப்பான். கர்ணனின் சாவு அவன் நகையால் விளைவதன்று. அவன் நகை பிறன்கண் தோன்றுவது. ஜாக்கின் நகையோ கதைத்தலைவனின் தன்கண் தோன்றுவது. எனினும் கட்டியங்காரனை வெறும் ஒட்டுறுப்பு என்று தள்ளுதலும் பொருந்தாது. புராண வீரரையும் ஊராரையும் இணைக்கும் பாலம் அவனே. ஹெர்மனுக்கு அப்பணி இல்லை. அதனாலேயே கட்டியங்காரனினும் அவன் மெலிந்த பாத்திரமாகின்றான்.

செஞ்சியின் கதை

செஞ்சிக் கோட்டையை ஆண்ட சொரூப்சிங்கின் மகன் தேசசிங்கு. நாட்டார் அவனைத் தேசிங்குராசன் என வழங்குவர். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு 1714-ஆம் ஆண்டிற் பொருது இளமையிலேயே மாண்டான். அவனுடைய உயிர்த்தோழன் மகபத்கான் என்னும் இசுலாமிய வீரன். தன் மணவிழாவில் இருந்த அவன், நண்பனின் அழைப்பு வந்ததும் மணக்கோலத்தை நீக்கிப் போர்க்களம் புக்கு உயிர் நீத்தான் என்பது கதைப்பாடல் தரும் செய்தி. இக்கதை 1960-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். நடித்த பேசும் படமாகவும் வந்தது.

ஈண்டு நட்பும் காதலும் எதிரெதிர் நிற்கின்றன. மகபத்கான் நட்பிற்காகக் காதலை விடுகின்றான். ‘விங்ஸ்’ படத்தின் டேவிடும் அவ்வாறே ஒன்றை விடுகின்றான். தன் காதலியின் அன்பு தனக்குரியது என்று கூறும் உரிமையையே நண்பனுக்காக அடக்கிக்கொள்கின்றான். ஆயின் மகபத்கானின் ஈகையை ஊரார் அறிவர், பாடினர். டேவிடின் ஈகையை, அது யார்பொருட்டுச் செய்யப்பட்டதோ அவனே அறியான். அறியாமையோடு நில்லாது பழிக்கவும் செய்கின்றான். டேவிட் இறந்த பின்னரே, அவனிடமிருந்த சில்வியாவின் மடல்களால் ஜாக்குக்கு உண்மை புலனாகின்றது.

பகைவர் கையால் இறத்தல் புகழாய் முடியும். பெருமிதத்திற்குரிய களன்களாகிய தறுகணும் இசைமையும் செஞ்சிக் கதையில் நிறைந்துள்ளன. அக்கதையின் தலைமைச் சுவை பெருமிதமே. நண்பன் கையால் இறத்தலைப் பாடுதற்கு அத்தகைய சுவை போதாது. அவ்விடத்தை நிரப்பவே, முன்னர் விதைத்த நகை தேவைப்படுகின்றது.

போருக்குப் பின்

இனி மூன்றாம் சான்றினுட் புகுவோம். இரமணாசிரமத்திற்கு 1938-ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்தார். அங்கே மயங்கி வீழ்ந்தார். இரமணர் அவர் இருந்த இடம் தேடிச் சென்று கண்டார். அவ்வருகையின் பயனை 1944-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ என்னும் நாவலிற் காண்கின்றோம். ‘கத்தியின் கூர்முனை’ என்னும் அப்பெயர் கட உபநிடதத்தினின்றும் கொள்ளப்பட்டது. அதன் தலைவன் லாரி, முதல் உலகப்போரில் வானவூர்தி செலுத்தியவன், அமெரிக்கன். வான்போரில் அவனைக் காப்பாற்ற முற்பட்ட நண்பன் குண்டடி பட்டு அவன் கண்முன்னே இறக்கின்றான். அவ்விறப்பு எழுப்பிய வினாவே லாரியை ஊர் ஊராகச் செலுத்தி, முடிவிற் தென்னாட்டு முனிவர் ஒருவரிடம் சேர்க்கின்றது. நாவலில் அம்முனிவரின் பெயரும் இடமும் வேறு. ஆயினும் அருணை மலைச்சாரலிற் பெற்ற பட்டறிவே அப்பகுதிக்கு அடித்தளம் என்பது தெளிவு.

‘விங்ஸ்’ படத்தின் ஜாக்கும் நாவலின் லாரியும் ஒரே போரின், ஒரே நாட்டின், ஒரே தொழிலின் மக்கள். இருவரும் நண்பனை இழந்தவர். லாரி தன்னைக் காத்த நண்பனை இழந்தான். ஜாக்கோ தன் கையாலேயே நண்பனைக் கொன்றான். எனவே ஜாக்கின் துயர் லாரியின் துயரினும் பெரிதாதல் வேண்டும். படம் இதனை எங்ஙனம் முடிக்கின்றது?

ஊர் திரும்பிய ஜாக்கை மக்கள் மலர் தூவி வரவேற்கின்றனர். அவன் டேவிடின் பெற்றோரைக் காணச் செல்கின்றான். கரடிப் பொம்மை தாயின் கைக்கு வருகின்றது. மகனைக் கொன்றவன் இவன் என்று வெறுக்க முயலும் தாய், பழி அவனதன்று, போரினது என்று தேறி அவனை ஏற்றுக்கொள்கின்றாள். இப்பகுதி மிக உயர்ந்தது. வரவேற்பின் ஆரவாரத்திற்கும் அவ்வீட்டின் அமைதிக்கும் இடையே உள்ள முரணைப் படம் நன்கு காட்டுகின்றது.

அதன்பின் ஜாக் மேரியோடு பழைய வண்டியில் அமர்கின்றான். பாரிசில் ஒரு பெண்ணோடு தான் மதுமயக்கத்தில் இருந்ததைச் சொல்லி அவளிடம் பொறுப்பு வேண்டுகின்றான். அப்பெண் மேரியே என்பதை அவன் அறியான், மேரி அறிவாள், நாமும் அறிவோம். ஆகவே மீண்டும் சிரிக்கின்றோம். வானில் எரிவிண்மீன் ஒன்று பாய்ந்து செல்லப் படம் முடிகின்றது.

இம்முடிவு குறையா, நிறையா? குறை என்போர்க்குக் காரணம் உண்டு. இத்துணைப் பெரிய இழவுக்குப் பின் காதற் களிப்பில் முடித்தல் வாணிக நோக்கம் என்று அவர் கூறுவர். அதனை முற்றும் மறுத்தற்கில்லை. லாரியின் வினாவை எழுப்பும் ஆற்றல் இப்படத்திற்கு இருந்தும், அஃது அதனை எழுப்பாமலே விட்டது. மேரியின் தொண்டும் துணிவும் காதல் நிகழ்ச்சிக்கு ஊறுகாய்போற் பயன்பட்டனவேயன்றித் தம்மளவிற் போற்றப்படவில்லை என்பதும் உண்மையே.

எனினும் இறுதி நகையை உற்று நோக்கின் பிறிதொரு பொருள் தோன்றுகின்றது. ஜாக்கின் பேதைமை இன்னும் நீங்கவில்லை. சிமிழைக் கண்டு பிழைபட உணர்ந்தவனும், ஊர்தியைக் கண்டு பிழைபட உணர்ந்தவனும், இப்பொழுது தன் முன்னிருப்பவளையே அறியாதவனும் ஒருவனே. இம்முறை அவ்வறியாமையால் எவர்க்கும் கேடில்லை, ஆதலின் சிரிக்கின்றோம். ஆயின் முதற் சிரிப்பைப்போல் இஃது எளிய சிரிப்பன்று. இதே அறியாமை துப்பாக்கி ஏந்தியபோது என்ன செய்தது என்பதை நாம் கண்டோமன்றோ? மனிதர் இயல்பு அமைதிக் காலத்தில் நகைக்குரியதாயும், போர்க்காலத்திற் கொலைக்குரியதாயும் அமைகின்றது. மாறியது மனிதன் அல்லன். அவன் கையில் இருந்த கருவியும் அவன் நின்ற களமுமேயாம். தாய் பழியைப் போரின்மேல் ஏற்றியதன் உட்பொருளும் இதுவே என்க.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், போர்ப்படைப்பில் நகை இருவகையாய் அமையும் என்பது பெறப்படும். கதைக்குப் புறத்தே நின்று அவையோரை மகிழ்விப்பது ஒருவகை. கட்டியங்காரனும் ஹெர்மனும் அதற்குரியர். கதைத்தலைவனின் பேதைமையும் மடனுமாய் உள்ளே நின்று, பின்னர் வெகுளியாகவும் இழவாகவும் திரிவது மற்றொரு வகை; ஜாக் அதற்குரியவன். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுத்தார் எனினும், ஒரு மெய்ப்பாட்டின் களன் பிறிதொரு மெய்ப்பாட்டிற்கு வித்தாதலை இப்படம் நன்கு காட்டுகின்றது. இந்நெறியில் நம் கூத்துக்களையும் கதைப்பாடல்களையும் ஆராய்தல் வேண்டும். திருவண்ணாமலைச் சூழலில் விடியவிடிய ஆடப்பெறும் பாரதக் கூத்தில் எவ்விடத்திலே அவை சிரிக்கின்றது, எவ்விடத்திலே அச்சிரிப்பு அடங்குகின்றது என்பதைக் களரியில் அமர்ந்து குறித்தலே அதற்கு முதற்படி. ஏட்டில் உள்ள பாடம் அதனைக் காட்டாது. ஆடுவோர் மெய்யும் காண்போர் முகமுமே காட்டும். அப்பணியை இளைய ஆராய்ச்சியாளர் மேற்கொள்வாராக.